தூண் கொட்டகை கட்டத் திட்டமிடுவது எப்படி: பயன்பாட்டிலிருந்து குழி தோண்டும் நாள் வரை

தரையில் குழி தோண்டிப் பதப்படுத்திய மரத்தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின் தலையில் டிரஸ்களை, அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகங்களை ஏற்றி, குறுக்கே சட்டங்களை அடித்து, கூரையிலும் பக்கங்களிலும் உலோகத் தகடு போர்த்தினால் தூண் கொட்டகை எழுந்துவிடும். ‘போல் பார்ன்’ என்ற பெயரில் 1930களில் அமெரிக்கப் பண்ணைகளில் பரவத் தொடங்கிய இந்த முறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்களாக ஹோவர்டு டோன், அவருடைய பண்ணை மேலாளர் பெர்னான் பெர்கின்ஸ் ஆகிய இருவரையும் சொல்வார்கள். சுவர் நெடுகிலும் அடித்தளம் போட வேண்டியதில்லை, சுமை தாங்கும் சுவரும் தேவையில்லை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நாற்பது, ஐம்பது அடி அகலத்தைத் தாண்டிவிடலாம் என்பதால், வைக்கோல் சேமிக்கும் கிடங்கு, டிராக்டர் நிறுத்துமிடம், மாட்டுக் கொட்டில், பட்டறை என எல்லாவற்றுக்கும் இது பொருந்துகிறது.

இவ்வளவு எளிமையாகத் தெரிவதால்தான் பலரும் இதற்கு வரைபடம் எதற்கு என்று கேட்கிறார்கள். உண்மையில் ஒரு வீட்டைவிடத் தூண் கொட்டகைக்குத்தான் முன்கூட்டிய கணக்கு அதிகம் வேண்டும். வீட்டில் பல உறுப்புகள் பகிர்ந்துகொள்ளும் வேலையை இங்கே ஒரு சில உறுப்புகளே செய்கின்றன. தூணே அடித்தளம், தூணே சுவரின் எலும்பு, காற்றை எதிர்த்து நிற்பதும் பெரும்பாலும் அதுவே. அந்தத் தூணின் ஆழமும் அதன் அடியில் உள்ள கான்கிரீட்டும் மண்ணுக்குள் போய்விடுவதால், அங்கே செய்த தவறைப் பிறகு திருத்துவது கட்டடத்தையே தூக்கி நிறுத்துவதற்குச் சமம். ஆகவே இந்த வழிகாட்டியில் கட்டும் வேலையைவிட, கட்டுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கணக்குகளை விளக்குவதற்கு 40 அடி அகலமும் 64 அடி நீளமும் கொண்டு, எட்டு அடிக்கு ஒரு தூண் நிற்கும் கொட்டகை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: உள்ளே என்ன நடக்கப் போகிறது என்பதை எழுதுதல்

அளவை முதலில் முடிவு செய்துவிட்டுப் பொருள்களை அதற்குள் திணிக்க முயல்வதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். உள்ளே வரப்போகும் ஒவ்வொரு வண்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். அவற்றை அளவு விகிதத்தில் காகிதத்தில் வெட்டி, ஒரு கட்டக் காகிதத்தின் மீது வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரு வண்டியை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருந்தால் அந்தக் கொட்டகை முதல் நாளிலிருந்தே சிறியது. வண்டியைச் சுற்றி ஒரு ஆள் கருவியுடன் குனிந்து நிமிர மூன்று அடியாவது வேண்டும். பட்டறையாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பயன்பாடு அளவை மட்டும் தீர்மானிப்பதில்லை, பொருள்களையும் தீர்மானிக்கிறது. மாடுகளோ குதிரைகளோ இருக்கும் இடத்தில் எழும் ஈரமும் அம்மோனியாவும் ஆணிகளையும், டிரஸ்களின் மூட்டுகளில் பதித்திருக்கும் பல்தகடுகளையும் அரிக்கும். அங்கே காற்றோட்டம் கட்டமைப்பின் ஆயுளைப் பொறுத்த விஷயம். வைக்கோல் கிடங்கு என்றால் மழைச்சாரலும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் முதல் எதிரிகள். சரியாகக் காயாமல், இருபது சதவீதத்துக்கும் மேல் ஈரத்துடன் அடுக்கிய வைக்கோல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அதை வண்டிகளுடனும் கால்நடைகளுடனும் ஒரே கூரையின் கீழ் வைக்காமல் இருப்பது நல்லது. பட்டறை என்றால் பின்னாளில் கீழ்க்கூரை அடிப்பீர்களா, வெப்பக் காப்பு போடுவீர்களா, சங்கிலிக் கப்பி தொங்கவிடுவீர்களா என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். டிரஸ்ஸின் கீழ்ச்சட்டம் எந்தச் சுமையும் இல்லாமல் கணக்கிடப்பட்டிருந்தால், பிறகு அதில் பலகை அடிப்பதுகூட ஆபத்தாகிவிடும்.

பத்து ஆண்டுகளில் என்ன கூடும் என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் நீட்டிக்கும் எண்ணம் இருந்தால், நீட்டிக்கப் போகும் முனையிலும் முழுச்சுமை தாங்கும் டிரஸ்ஸையே வைக்கச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் சாய்ப்பு இறக்கும் எண்ணம் இருந்தால் இறவாணத்தின், அதாவது கூரையின் கீழ் விளிம்பின் உயரத்தை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். பன்னிரண்டு அடி அகலச் சாய்ப்பு, அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டத்தில் இறங்கினால் வெளி ஓரத்தில் இரண்டு அடி தாழ்ந்துவிடும். பத்து அடி இறவாணத்தில் தொடங்கிய சாய்ப்பின் ஓரத்தில் எட்டு அடிதான் மிஞ்சும், தாங்கும் சட்டத்தின் கனத்தைக் கழித்தால் அதுவும் இல்லை.

இரண்டாம் படி: உயரமும் கதவும், பிறகு நீள அகலம்

உயரத்தைக் கதவிலிருந்து தொடங்குங்கள். கேபின் உள்ள டிராக்டர்கள் பலவும் பத்து அடியை நெருங்குகின்றன; அவற்றுக்குப் பன்னிரண்டு அடிக் கதவு வசதியானது. மேலே சுருண்டோ மடிந்தோ ஏறும் கதவுக்குத் தண்டவாளமும் சுருள்வில்லும் பொருந்தக் கதவின் தலைக்கு மேல் ஒன்றிலிருந்து ஒன்றரை அடி வரை இடம் வேண்டும். ஆக, பன்னிரண்டு அடிக் கதவுக்குப் பதினான்கு அடி இறவாணம் என்ற கணக்கு வருகிறது. பக்கவாட்டில் உருளும் கதவுக்கு இந்தத் தலை இடம் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் அது காற்றையும் தூசியையும் முழுதாக அடைக்காது, திறந்திருக்கும்போது கதவின் அகலத்துக்குச் சமமான சுவரை மறைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சிறு கவனம் வேண்டும். ‘பதினான்கு அடி உயரம்’ என்று விற்பவர் சொல்வது எங்கிருந்து எதுவரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது சுவரின் அடிப்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து இறவாணம் வரையிலான அளவாக இருக்கும். உள்ளே நான்கு அங்குல ஜல்லியும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டும் போட்டுத் தளத்தை உயர்த்தினால், டிரஸ்ஸின் அடி வரை உங்களுக்குக் கிடைப்பது பதின்மூன்றே கால் அடிதான். கதவு ஆர்டர் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் தண்டவாளத்துக்கு இடம் இருக்காது.

நீள அகலத்தைப் பொருள்களின் அளவோடு ஒத்துப்போகும்படி வைத்தால் வீணாவது குறையும். மரச்சட்டங்கள் இரண்டிரண்டு அடியாக நீளம் கூடி வருகின்றன. உலோகத் தகடுகள் பெரும்பாலும் மூன்று அடியை மூடுகின்றன. ஒரு அங்கணம், அதாவது இரண்டு தூண்களுக்கு இடையிலான பகுதி, எட்டு அடியிலிருந்து பன்னிரண்டு அடி வரை இருக்கலாம். ஒரே பரப்பை எட்டுவதற்கு, அகலத்தைக் கூட்டுவதைவிட நீளத்தைக் கூட்டுவது பொதுவாகச் செலவு குறைந்த வழி, ஏனென்றால் நீளம் கூடும்போது அதே டிரஸ் இன்னும் ஒன்று சேர்கிறது, அகலம் கூடினாலோ ஒவ்வொரு டிரஸ்ஸும் கனமாகிறது, அதைத் தாங்கும் ஒவ்வொரு தூணின் சுமையும் ஏறுகிறது.

மூன்றாம் படி: இடமும் நீரும்

கொட்டகைக்கு ஒதுக்கப்படுவது வழக்கமாக வேறு எதற்கும் பயன்படாத மூலைதான். அது பெரும்பாலும் தாழ்வாக இருப்பதால்தான் பயன்படாமல் கிடக்கிறது. ஒரு பலத்த மழைக்குப் பின் அந்த இடத்தில் நடந்து பாருங்கள்; தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்பதை மண்ணே காட்டிவிடும். கட்டடத்தின் தரை மட்டம் சுற்றுப்புறத்தைவிட அரை அடியிலிருந்து ஒரு அடி வரை உயர்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து வெளியே முதல் பத்து அடிக்குள் நிலம் ஆறு அங்குலமாவது இறங்கும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். சரிவின் மேல்பக்கத்தில் ஒரு வடிகால் வெட்டி நீரை இரு புறமும் திருப்பிவிட வேண்டும்.

மேடாக்குவதற்கு மண் கொட்டினால் அதை மொத்தமாகக் கொட்டி மேலே உருளையை ஓட்டுவது போதாது. ஆறு முதல் எட்டு அங்குலம் கனத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் ஈரம் பார்த்து இறுக்க வேண்டும். கொட்டிய மண் ஆழமாக இருந்தால், தூண் குழி அதைத் தாண்டி இயற்கையான கெட்டி மண் வரை இறங்க வேண்டும். மண்ணில் களி இருக்கிறதா, மணல் இருக்கிறதா, எத்தனை அடியில் ஊற்று வருகிறது என்பதை அறிய, தூண்கள் வரப்போகும் இரண்டு மூன்று இடங்களில் சோதனைக் குழி போட்டுப் பார்ப்பது மிக மலிவான காப்பீடு.

திசையைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் திறந்த கொட்டகையாக இருந்தால் திறந்த பக்கம் பலமாக வீசும் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். கால்நடைக் கொட்டகையின் முகடு கோடைக்காற்றின் திசைக்குக் குறுக்காக ஓடினால் காற்று ஒரு பக்கச் சுவரில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியேறும். நீளமான வண்டி திரும்ப எவ்வளவு முற்றம் வேண்டும் என்பதையும், மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி ஆகியவை எங்கே ஓடுகின்றன என்பதையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால் நிலத்தடி இணைப்புகளைக் குறித்துக் கொடுக்க ஏற்பாடு செய்கிறார்கள். வேறு நாடுகளிலும் அந்தந்தச் சேவை நிறுவனங்களிடம் கேட்காமல் துளைப்பானை மண்ணில் இறக்கக் கூடாது.

நான்காம் படி: ஒரு தூண் தாங்கும் சுமையைக் கணக்கிடுதல்

இதைப் பொறியாளர் செய்வார் என்று விட்டுவிடலாம், விடவும் வேண்டும். என்றாலும் கணக்கின் போக்கு உரிமையாளருக்குப் புரிந்திருந்தால், குழியைச் சிறிதாக்கிச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்லும்போது அது எதை விலையாகக் கேட்கிறது என்பது தெரியும்.

நம் எடுத்துக்காட்டில் பக்கச் சுவரில் உள்ள ஒரு தூண், நீளவாக்கில் எட்டு அடியையும் அகலவாக்கில் பாதியான இருபது அடியையும் தாங்குகிறது. அதாவது 160 சதுர அடிக் கூரை அதன் பொறுப்பு. பனி பெய்யும் ஒரு பகுதியில் கூரையின் சொந்த எடையும் பனியும் சேர்ந்து சதுர அடிக்கு 16 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு தூணின் மேல் 2,560 கிலோ இறங்குகிறது. நடுத்தரமான மண் சதுர அடிக்குச் சுமார் 900 கிலோ தாங்கும் என்று கொண்டால், தூணின் அடியில் ஏறத்தாழ 2.85 சதுர அடிப் பரப்பு தேவை. அது இருபத்து மூன்று அங்குல விட்டமுள்ள வட்டம். எனவே குழியும் அதன் அடியில் உள்ள கான்கிரீட் தட்டும் இருபத்து நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். பதினாறு அங்குலத் துளைப்பான்தான் கையில் இருக்கிறது என்று அதிலேயே தோண்டினால் கிடைக்கும் பரப்பு இதில் பாதிதான். கான்கிரீட்டே இல்லாமல் ஐந்தரை அங்குலச் சதுரத் தூணை வெறும் மண்ணில் நிறுத்தினாலோ மண்ணின் மீது அழுத்தம் சதுர அடிக்குப் பன்னிரண்டு டன்னைத் தொட்டுவிடும். தூண் மெல்ல மெல்லப் புதையும், எல்லாத் தூண்களும் ஒரே அளவில் புதையாது என்பதால் முகடு வளையும், கதவு இறுகும்.

பனியே இல்லாத இடத்தில் கணக்கு தலைகீழாகும். அங்கே கூரையைக் கீழே அழுத்தும் சுமையைவிட மேலே தூக்கும் காற்றுதான் கவலை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு ஒன்பது கிலோவைத் தாண்டும். அந்த அளவு முழுதும் கூரையை மேலே இழுக்கிறது என்று கொண்டு, கூரையின் சொந்த எடையாகச் சதுர அடிக்கு இரண்டு கிலோவைக் கழித்தாலும், நம் தூணைப் பிடுங்க ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசை வேலை செய்கிறது. ஒரு பக்கம் திறந்த கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்தும் தள்ளுவதால் இந்த விசை இன்னும் கூடும். மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்பும் கொண்ட அமைப்பை முழுதும் மூடிய கட்டடத்தின் வரைபடத்தை வைத்துக் கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பின்னாளில் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றித் திறந்துவிடலாம் என்ற எண்ணமும் அதே வகைதான்.

பனிப் பகுதிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உயரமான கூரையிலிருந்து சரியும் பனி, அதற்குக் கீழே உள்ள சாய்ப்பின் மேல் குவியும். சாய்ப்பைச் சிறியது என்று மெல்லிய சட்டங்களால் கட்டுவார்கள், சதுர அடிக்கு அதிகச் சுமை விழுவதோ அதன் மேல்தான்.

ஐந்தாம் படி: தூணும் குழியும்

தூண் மரம் இரண்டு வகையில் வருகிறது: ஒரே கட்டையாக அறுத்தது, அல்லது மூன்று நான்கு பலகைகளை ஒட்டியோ ஆணி அடித்தோ அடுக்கியது. உயரமான கொட்டகைக்கு அடுக்குத் தூணே நல்லது என்பது என் கருத்து. அது முறுக்கிக்கொள்வது குறைவு. மண்ணில் புதையும் பகுதிக்கு மட்டும் பதப்படுத்திய பலகையைப் போட்டு மேலே சாதாரணப் பலகையைச் சேர்க்கலாம். மெல்லிய பலகைக்குள் மருந்து ஆழமாகவும் இறங்கும்.

மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, உலகெங்கும் தூண்களைக் காத்துவந்த செம்பு–குரோமியம்–ஆர்செனிக் கலவையை 1933இல் கண்டறிந்தவர் சொண்டி காமேசன் என்ற இந்தியர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆர்செனிக் காரணமாக 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களில் அது நிறுத்தப்பட்டு, செம்பு மிகுந்த வேறு கலவைகள் வந்தன. வாங்கும்போது ‘பதப்படுத்திய மரம்’ என்ற பெயர் மட்டும் போதாது. வேலிக்கும் தளப்பலகைக்கும் உரிய தரம் வேறு, மண்ணில் புதைந்து கட்டடத்தைத் தாங்கும் தூணுக்கு உரிய தரம் வேறு. அமெரிக்க வகைப்பாட்டில் தூணுக்கு யுசி4பி என்ற குறியீடு முத்திரையில் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அதற்கு இணையான தரத்தைக் கேளுங்கள். அறுத்த முனையை மண்ணுக்குள் விடாமல், தொழிற்சாலையில் பதப்பட்ட முனையையே கீழே வையுங்கள். கரையான் உள்ள நிலத்தில் இதை இருமுறை சரிபார்ப்பது தகும்.

செம்பு மிகுந்த மரம் சாதாரண ஆணியை அரித்துவிடும். அதில் அடிக்கும் ஆணி, திருகாணி, போல்ட் அனைத்தும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். சுவரின் உலோகத் தகடு பதப்படுத்திய அடிப்பலகையை நேரடியாகத் தொடாமல் இடையில் ஒரு தடுப்புப் பட்டை வர வேண்டும்.

குழியின் ஆழத்தை மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன: நிலம் உறையும் ஆழம், காற்றின் பக்கவாட்டுத் தள்ளல், மேலே பிடுங்கும் விசை. உறைபனி உள்ள ஊரில் மண்ணின் ஈரம் உறைந்து விரியும்போது தூணைத் தூக்கும். ஆகவே அடித்தட்டு உறையும் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு அடி என்பது பரவலாகப் புழங்கும் ஆழம் என்றாலும், அதை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ள வேண்டும். குழியின் அடியில் உதிரி மண் துளியும் இல்லாமல் வழித்து எடுத்து, ஆறிலிருந்து பன்னிரண்டு அங்குலக் கனத்தில் கான்கிரீட் தட்டு போட்டு, அது இறுகிய பின் தூணை நிறுத்த வேண்டும். மேலே பிடுங்கும் விசைக்கு, தூணின் அடிப்பகுதியில் இரு புறமும் பதப்படுத்திய கட்டைகளைக் குறுக்காக அடித்துப் புதைக்கலாம். அல்லது அடித்தட்டுக்கு மேல் தூணைச் சுற்றி, கம்பி ஊடுருவிய கான்கிரீட் கழுத்துப்பட்டை ஒன்று வார்க்கலாம். இரண்டிலும் வேலை ஒன்றே: தூண் மேலே வர வேண்டுமானால் தன் தலைமேல் உள்ள மண்ணையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு குழியை நிரப்பும்போது எட்டு அங்குலத்துக்கு ஒரு முறை திமிசு போட்டு இறுக்க வேண்டும். இறுக்காமல் தள்ளிய மண் பக்கவாட்டில் எந்தத் தாங்கலும் தராது.

மரத்தை மண்ணில் புதைப்பதே பிடிக்காதவர்களுக்கு, கான்கிரீட் குற்றிகளை நிலத்தில் வார்த்து அவற்றின் தலையில் எஃகுக் கவ்வியில் தூணை நிறுத்தும் வழி உண்டு. மரம் உலர்ந்திருக்கும், பழுதானால் மாற்றலாம். ஆனால் புதைந்த தூண் அடியில் கெட்டியாகப் பிடிபட்டிருப்பதுபோல் கவ்வியில் நிற்கும் தூண் இருக்காது; அதற்கென்று வடிவமைத்த கவ்வியாக இல்லாவிட்டால் அந்த மூட்டு கீல் போல நடந்துகொள்ளும், காற்றை எதிர்க்கும் வேலையை வேறு உறுப்புகளிடம் ஒப்படைக்க வேண்டிவரும். அந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல் தூணை மட்டும் மாற்றிவிடக் கூடாது. ஆழமில்லாத தூண் அடித்தளங்களுக்கென்றே அமெரிக்க வேளாண்–உயிரியல் பொறியாளர் சங்கம் இ.பி. 486 என்ற தரநிலையை வைத்திருக்கிறது. உங்கள் பொறியாளர் எந்த நாட்டு விதியைப் பின்பற்றினாலும், எதைப் பின்பற்றினார் என்பதை வரைபடத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: காற்றை எதிர்க்கும் தகட்டுத் தோல்

தூண் கொட்டகையின் உலோகத் தகடு மழையைத் தடுப்பதோடு நிற்பதில்லை. நீளமான பக்கச் சுவரில் மோதும் காற்றின் விசையில் ஒரு பகுதி தூண்களின் தலை வழியாகக் கூரைக்கு ஏறுகிறது. கூரைத் தகடுகள் எல்லாம் திருகாணிகளால் சேர்ந்து ஒரு பெரிய விறைப்பான பலகையாக நின்று, அந்த விசையை இரு முனைச் சுவர்களுக்கும் கடத்துகின்றன. முனைச் சுவர்கள் அதை நிலத்தில் இறக்குகின்றன. இதைக் கணக்கிடும் முறைக்கு அதே சங்கத்தின் இ.பி. 484 என்று தனித் தரநிலையே இருக்கிறது. இப்படிக் கணக்கிட்டால் தூண்களை மெலிதாக்க முடியும் என்பதால் இன்றைய வரைபடங்கள் பலவும் இதை நம்பியே வரையப்படுகின்றன.

இங்கிருந்து மூன்று விளைவுகள் கிளம்புகின்றன. முதலாவது, முனைச் சுவர் முழுவதையும் கதவாகத் திறந்துவிட்டால் விசை இறங்க வழி இல்லை. நாற்பது அடி முனைச் சுவரில் இருபத்து நான்கு அடிக் கதவு வைத்தால் இரு புறமும் எட்டு எட்டு அடித் தகடுதான் மிஞ்சும். அந்தத் துண்டுகளுக்குப் பின்னால் ஒட்டுப்பலகை அடித்தோ, எஃகுச் சட்டகம் வைத்தோ வலுவேற்ற வேண்டும். முடிந்தால் பெரிய கதவுகளைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். அங்கே கதவின் மேல் வரும் டிரஸ்களைத் தாங்கக் கனமான விட்டம் வேண்டும் என்பது அதற்கான விலை, பனி வழியும் பக்கமாக இருந்தால் கதவுக்கு முன் பனி குவியும் என்பதும் உண்டு. இரண்டாவது, வெளிச்சத்துக்காகக் கூரைத் தகடுகளுக்கு நடுவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைச் செருகினால் அந்தப் பெரிய பலகையில் ஓட்டை விழுகிறது. அது வெயிலில் நொறுங்கவும் செய்யும், கூரை மேல் ஏறுபவர் கால் வைத்தால் கீழேதான். பக்கச் சுவரின் உச்சியில், இறவாணத்தை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலப் பட்டையாக அதைப் போட்டால் போதிய வெளிச்சம் வரும். மூன்றாவது, திருகாணியின் இடைவெளி அலங்காரமன்று. வரைபடத்தில் தகட்டு ஓரத்துக்கு எத்தனை என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் போட்டாக வேண்டும்.

ஏழாம் படி: டிரஸ், கூரை, ஈரம்

டிரஸ் செய்பவருக்குக் கொடுக்க வேண்டிய விவரம்: அகலம், வாட்டம், டிரஸ்களின் இடைவெளி, பனிச்சுமை, காற்றின் வேகம், கீழ்ச்சட்டத்தில் தொங்கப் போகும் சுமை, இறவாணத்தின் நீட்சி. இதில் அகலம் என்பது தூணின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகமா, அல்லது அதன் மேல் அடிக்கும் ஒன்றரை அங்குலச் சுவர்ச்சட்டத்தையும் சேர்த்தா என்பதை ஒரே கோடாக வரைந்து காட்டிவிடுங்கள். இரு பக்கமும் சேர்த்து மூன்று அங்குல வேறுபாடு இங்கேதான் ஒளிந்திருக்கும். வாட்டம் பன்னிரண்டு அங்குலத்துக்கு மூன்று அல்லது நான்கு அங்குலம் என்பது வழக்கம். டிரஸ் தூணின் பக்கத்தில் வெறும் ஆணியால் தொங்கக் கூடாது. தூணின் தலையில் வெட்டிய படியில் உட்கார்ந்து, போல்ட்டால் இறுக வேண்டும். டிரஸ்களை ஏற்றும் நாள்தான் முழு வேலையிலும் ஆபத்தான நாள். பர்லின்களும் (டிரஸ்களுக்குக் குறுக்கே ஓடிக் கூரைத் தகட்டைத் தாங்கும் சட்டங்கள்) மூலைவிட்டச் சட்டங்களும் பூட்டப்படும்வரை அவை அட்டைகளைப் போலச் சரிந்து விழக்கூடியவை என்பதால், தற்காலிகத் தாங்குசட்டங்களின் வரைபடமும் கையில் இருக்க வேண்டும்.

உலோகக் கூரையின் தீராத தொல்லை வியர்வை. இரவில் தகடு குளிரும்போது உள்ளே உள்ள ஈரக்காற்று அதன் அடியில் துளியாகி, விடியற்காலையில் மழைபோலச் சொட்டும். அடியில் கம்பளி போன்ற படலம் ஒட்டிய தகடு ஈரத்தைப் பிடித்துவைத்துப் பகலில் உலரவிடும். தகட்டுக்கும் பர்லினுக்கும் இடையே காப்புத்தாள் விரிப்பது இன்னொரு வழி. இரண்டும் கூரை போடும்போது செய்ய வேண்டியவை, பிறகு செய்வது கடினம். கால்நடைக் கொட்டகைக்கு இவை மட்டும் போதாது. கட்டடத்தின் அகலம் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கில் முகட்டில் தொடர்ச்சியான திறப்பும், ஒவ்வொரு இறவாணத்திலும் அதில் பாதி அளவு திறப்பும் வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் விதி. நம் நாற்பது அடிக் கொட்டகைக்கு முகட்டில் எட்டு அங்குலம், ஒவ்வொரு இறவாணத்திலும் நான்கு அங்குலம். குளிர்காலத்தில் அதை அடைத்துவைக்கத் தோன்றும். அடைத்தால் விலங்குகளின் நுரையீரலும் டிரஸ்ஸின் பல்தகடும் ஒன்றாகக் கெடும்.

எட்டாம் படி: தளம், மின்சாரம், நீர்

கூரை ஏறிய பின் நிழலில் தளம் போட முடிவது இந்த முறையின் வசதி, அவசரப்பட வேண்டியதில்லை. கார் போன்றவற்றுக்கு நான்கு அங்குலம், கனரக வண்டிக்கு ஐந்து, ஆறு அங்குலம். அடியில் இறுக்கிய ஜல்லியும் அதன் மேல் ஈரத்தடுப்புத் தாளும் வர வேண்டும். நான்கு அங்குலத் தளத்தில் எட்டிலிருந்து பத்து அடிக்கு விரிசலைக் கட்டுப்படுத்தும் ஒரு வெட்டு மூட்டு கொடுங்கள். தூணைத் தொடும் இடத்தில் பிரிப்புப் பட்டை வையுங்கள். தளமும் தூணும் தனித்தனியே அசைய வேண்டும். மின்கம்பிக் குழாய், தண்ணீர்க் குழாய், வடிகால் எதுவானாலும் தளத்துக்கு முன்பே மண்ணில் போய்விட வேண்டும், தேவைப்படுமோ என்ற ஐயம் இருந்தால் ஒரு காலிக் குழாயையாவது புதைத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: வரைபடம், அனுமதி, ஆர்டர், நூல் பிடித்தல்

இப்போது வரைபடத் தொகுப்பு தயாராக வேண்டும்: எல்லைகளும் வாட்டங்களும் உள்ள இட வரைபடம், தூண்களின் நிலை, நான்கு பக்கத் தோற்றம், தூணின் உச்சி முதல் அடித்தட்டு வரை அறுத்துக் காட்டும் ஒரு குறுக்குவெட்டு, மூட்டுகளின் விவரம். அனுமதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் வேளாண் கட்டடங்களுக்கு அனுமதியே வேண்டாம் என்று விலக்கு உண்டு. ஆனால் அதே கொட்டகையில் வணிகமோ குடியிருப்போ நடந்தால் அந்த விலக்கு செல்லாது. விலக்கு காகிதத்துக்குத்தான், காற்றுக்கும் பனிக்கும் அன்று. எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய தூரம், அதிகபட்ச உயரம், காப்பீட்டாளரின் நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போது ஒரே வரைபடத்தை எல்லோருக்கும் கொடுங்கள். குறைந்த விலை சொன்னவரிடம் தூணின் பதத் தரம், அடித்தட்டின் விட்டமும் கனமும், தகட்டின் கனம், திருகாணியின் வகை, கணக்கில் எடுத்த காற்றின் வேகம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். வேறுபாடு எங்கே என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். டிரஸ்ஸும் பெரிய கதவும் செய்து வர நாளாகும் என்பதால் அவற்றை முதலில் ஆர்டர் செய்து, அவை வரும் தேதியை வைத்துக் குழி தோண்டும் நாளைக் குறியுங்கள். திறந்த குழிகள் மழையில் சரிந்தால் மறுபடி தோண்டித்தான் ஆக வேண்டும்.

தோண்டுவதற்கு முன், மூலைகளுக்கு வெளியே ஐந்தாறு அடி தள்ளிக் குறிப்பலகைகளை அடித்து, அவற்றில் நூல் கட்டுங்கள்; துளைப்பான் வந்து போகும்போது நூலைக் கழற்றி, பிறகு அதே வெட்டில் மாட்டிக்கொள்ளலாம். மூலைக்கு மூன்று–நான்கு–ஐந்து முக்கோணம் தொடக்கத்துக்கு உதவும், அறுபத்து நான்கு அடி நீளத்தில் அது போதாது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நம் கொட்டகையில் இரண்டும் 75 அடி ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று மேல் வர வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்க வேண்டும். அரை அங்குலம் விலகினால் நூலை மாற்றிக் கட்டுங்கள், ஏனென்றால் அந்த விலகல் கூரையின் கடைசித் தகட்டில் ஆப்பு வடிவ இடைவெளியாகத் தெரியும். மூலைவிட்டங்கள் ஒத்துவந்த பிறகு, நூலிலிருந்து தூக்குக் குண்டை இறக்கி ஒவ்வொரு குழியின் மையத்திலும் சுண்ணாம்பால் குறியிட்டு, முதல் குழியை முனைத் தூணில் தொடங்குங்கள்.